நிறைந்துபோன வன்தட்டு: இடம் எங்கே போனது என்று காட்டும் படம்

கணினித் திரையின் மூலையில் சிறிய அறிவிப்பு ஒன்று தோன்றுகிறது. வட்டில் இடம் குறைந்துவிட்டது என்கிறது அது. 'திஸ் பிசி' பக்கத்தைத் திறந்து பார்த்தால், வழக்கமாக நீல நிறத்தில் இருக்கும் பட்டை சிவப்பாக மாறியிருக்கிறது. மொத்தக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடமே மிஞ்சும்போது விண்டோஸ் அந்தப் பட்டையைச் சிவப்பாக்கிவிடும். நேற்று வரை ஒழுங்காக ஓடிய கணினி தயங்கத் தொடங்குகிறது. புதுப்பிப்புகள் பாதியில் நின்றுவிடுகின்றன. பிள்ளையின் பள்ளி இடுபணியைச் சேமிக்க முடியாமல் போகிறது.

இந்த நிலையில் பல வீடுகளில் நடப்பது என்ன? ஒருவர் லோ யாட் பிளாசாவுக்கோ சிம் லிம் சதுக்கத்துக்கோ சென்று புதிய வெளிவட்டு ஒன்றை வாங்கி வருவார். இன்னொருவர், கணினி பழசாகிவிட்டது, மாற்ற வேண்டியதுதான் என்ற முடிவுக்கு வந்துவிடுவார். பெரும்பாலோர் செய்வது மூன்றாவது ஒன்று. கண்ணுக்குத் தெரிந்ததை அழிப்பார்கள். கண்ணுக்குத் தெரிவது எது? புகைப்படங்கள். கணினியில் உள்ள மற்ற கோப்புறைகளின் பெயர்கள் எதுவும் புரியாதபோது, 'பிக்சர்ஸ்' என்ற ஒன்றுதான் யாருக்கும் விளங்குகிறது. பாட்டியின் எண்பதாவது பிறந்தநாள், பழைய வீட்டின் வாசல், மகளின் முதல் பள்ளி நாள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. போனால் திரும்பி வராதவையும் அவைதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் வீண் தெரியும். கைத்தொலைபேசியில் எடுத்த புகைப்படம் ஒன்று சுமார் 4 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், 200 படங்களை அழித்தாலும் 800 மெகாபைட்தான் கிடைக்கும். ஒரு ஜிகாபைட்கூட இல்லை. அதே கணினியில், எப்போதோ விற்றுவிட்ட ஒரு ஐஃபோனின் காப்பு நகல் 60 ஜிகாபைட் இடத்தைப் பிடித்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருக்கக் கூடும். ஐடியூன்ஸ் மென்பொருள் அந்த நகலை 'மொபைல்சிங்க்' என்னும் கோப்புறையில் வைக்கிறது. அந்தக் கோப்புறை இருப்பதோ, விண்டோஸ் சாதாரணமாகப் பயனருக்குக் காட்டாத 'ஆப்டேட்டா' பகுதிக்குள். 60 ஜிகாபைட் அப்படியே இருக்க, பாட்டியின் படம் போய்விடுகிறது.

இடம் எங்கே போனது என்பதை அழிப்பதற்கு முன்பே பார்க்க முடிந்தால் இந்த இழப்பு நேராது. அதற்காகவே சில மென்பொருள்கள் இருக்கின்றன. அவை வன்தட்டு முழுவதையும் ஒரே படமாக வரைந்து காட்டுகின்றன. பெரும்பாலானவை இலவசம்.

பட்டியல் ஏன் போதவில்லை

கணினியில் கோப்புகள் ஒரு மரத்தைப் போல அடுக்கப்பட்டிருக்கின்றன. அடிமரத்திலிருந்து கிளைகள், கிளைக்குள் கிளைகள், நுனியில் இலைகள். கிளைகள் என்பவை ஃபோல்டர் எனப்படும் கோப்புறைகள், இலைகள் கோப்புகள். சாதாரண விண்டோஸ் கணினி ஒன்றில் இப்படிச் சில லட்சம் இலைகள் இருக்கும்.

விண்டோஸின் கோப்பு உலாவியில் இந்த மரத்தைப் பார்க்கும்போது ஒரு குறை உண்டு. கோப்புகளுக்கு நேரே அவற்றின் அளவு எழுதப்பட்டிருக்கும். கோப்புறைகளுக்கு நேரே அந்த இடம் வெறுமையாக இருக்கும். ஒரு கோப்புறை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று அறிய, அதன்மேல் வலது பொத்தானை அழுத்தி, 'பிராப்பர்டீஸ்' பகுதியைத் திறந்து, எண்ணி முடியும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு அடுத்தது, அதற்குப் பிறகு அதற்குள் இருப்பது. இரண்டு மூன்று படி இறங்கியதும் முதலில் பார்த்த எண் மறந்துவிடும்.

இது புதிய தொல்லையும் அல்ல. யூனிக்ஸ் இயங்குதளத்தின் 1971ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே 'டியு' என்ற கட்டளை இருந்தது. ஒவ்வொரு கோப்புறைக்கும் எவ்வளவு இடம் என்று அது எண்களை வரிசையாக அச்சிட்டுத் தரும். இன்றைக்கும் லினக்ஸ், மேக் கணினிகளில் அந்தக் கட்டளை வேலை செய்கிறது. எண்களோடு பழகியவர்களுக்கு அது போதும். மற்றவர்களுக்கு ஆயிரம் வரி எண்களும் தொலைபேசிப் புத்தகமும் ஒன்றுதான்.

பதினான்கு பேருக்கு ஒரு வட்டு

எண்களைப் படமாக்கும் வழி பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் கணினிப் பேராசிரியராக இருந்த பென் ஷ்னைடர்மேன், மனிதர்கள் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஆராயும் கூடம் ஒன்றை நடத்தி வந்தார். 1990ஆம் ஆண்டில் அந்தக் கூடத்தில் இருந்த வன்தட்டின் கொள்ளளவு 80 மெகாபைட். இன்றைய புகைப்படங்களில் இருபதை வைத்தால் நிரம்பிவிடும் அளவு. அதை 14 பேர் பகிர்ந்துகொண்டார்கள். தட்டு அடிக்கடி நிரம்பியது. யார், எங்கே, எவ்வளவு இடத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடாக இருந்தது.

மரத்தை மரமாகவே வரைந்தால் கிளைகள் விரிந்து திரைக்கு வெளியே போய்விடுகின்றன. திரையின் பெரும்பகுதி வெற்றிடமாக வீணாகிறது. வட்டம், முக்கோணம் என்று பல வடிவங்களை அவர் யோசித்துப் பார்த்தார். ஒரு நாள் பேராசிரியர்களின் ஓய்வறையில் உட்கார்ந்திருந்தபோது விடை தோன்றியது. திரை முழுவதும் ஒரு செவ்வகம். அதை முதல் நிலைக் கோப்புறைகளின் அளவுக்கேற்பச் செங்குத்தாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டையும் அதற்குள் இருக்கும் கோப்புறைகளின் அளவுக்கேற்பக் கிடையாகப் பிரிக்க வேண்டும். அடுத்த நிலையில் மறுபடி செங்குத்து. இப்படி மாறி மாறிப் பிரித்துக்கொண்டே போனால், கடைசியில் ஒவ்வொரு கோப்பும் ஒரு கட்டமாகிவிடும். பெரிய கோப்புக்குப் பெரிய கட்டம், சிறிய கோப்புக்குச் சிறிய கட்டம். திரையில் ஓர் அங்குலம்கூட வீணாவதில்லை. இதைச் செய்யும் நிரலின் சாரத்தை ஆறே வரிகளில் எழுதிவிட முடிந்தது. எல்லா நேரத்திலும் அது சரியாக வேலை செய்யும் என்று தம்மையே நம்பவைக்கத்தான் அவருக்குச் சில நாள்கள் பிடித்தன.

அவருடைய மாணவர் பிரையன் ஜான்சன் இதை மெக்கின்டாஷ் கணினியில் செயல்படுத்தினார். இந்த முறைக்கு 'ட்ரீமேப்' என்று பெயர் வந்தது. மரத்தை நிலப்படமாக மாற்றுவது என்று பொருள் கொள்ளலாம். 1991, 1992ஆம் ஆண்டுகளில் இதைப் பற்றிய கட்டுரைகள் வெளியாயின. பின்னாளில் பங்குச் சந்தை நிலவரத்தைக் காட்டவும் இதே முறை பயன்பட்டது. 1998இல் அமெரிக்காவின் ஸ்மார்ட்மணி இதழுக்காக மார்ட்டின் வாட்டன்பர்க் உருவாக்கிய சந்தை வரைபடம் பலரும் அறிந்தது. செய்தி அலைவரிசைகளில் பச்சையும் சிவப்புமாகக் கட்டம் கட்டமாகத் தெரியும் பங்குச் சந்தைப் படங்கள் எல்லாம், நிரம்பிப்போன அந்த 80 மெகாபைட் வட்டின் வாரிசுகள்தான்.

முதல் வடிவத்தில் ஒரு குறை இருந்தது. பிரித்துக்கொண்டே போகும்போது பல கட்டங்கள் நூல்போல மெலிந்து நீண்டுவிடும். மெலிந்த கட்டத்தைச் சுட்டியால் தொடுவதும் கடினம், பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடுவதும் கடினம். நெதர்லாந்தின் ஐண்டோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யார்க்கே வான் வைக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் இதற்குத் தீர்வு கண்டார்கள். 1999இல் ஒவ்வொரு கட்டத்துக்கும் தலையணைபோல் ஒளியும் நிழலும் கொடுத்தார்கள். எது எதற்குள் இருக்கிறது என்பது அதனால் கண்ணுக்குத் தெரிந்தது. 2000இல் கட்டங்களைக் கூடியவரை சதுரமாக அமைக்கும் முறையை வெளியிட்டார்கள். அங்கிருந்து வந்த 'செக்கோயாவியூ' என்ற மென்பொருளும், ஜெர்மானியர் ஸ்டெஃபான் ஹுண்ட்ஹாமர் லினக்ஸுக்காக எழுதிய 'கேடர்ஸ்டாட்' என்ற மென்பொருளும் இந்தப் படங்களைச் சாதாரணப் பயனர்களின் வீட்டுக்குக் கொண்டுவந்தன. கேடர்ஸ்டாட்டைப் பார்த்து விண்டோஸுக்காக 2003இல் உருவானதுதான் 'வின்டர்ஸ்டாட்'. இன்றுவரை மிகப் பலர் பயன்படுத்தி வருவது அது. கணினி கோப்புகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது, பழைய விளையாட்டில் வரும் பேக்மேன் உருவம் வாயைத் திறந்து மூடியபடி நடந்துகொண்டிருக்கும். காத்திருக்கும் நேரம் தெரியாமல் இருக்க அது ஒரு நல்ல ஏற்பாடு.

வேறு மென்பொருள்களும் இருக்கின்றன. விண்டோஸில் 'விஸ்ட்ரீ', 'ட்ரீசைஸ்', 'ஸ்பேஸ்ஸ்னிஃபர்' ஆகியவை. இவற்றில் விஸ்ட்ரீ மிக வேகமானது. பல மென்பொருள்கள் கோப்புறை கோப்புறையாக நுழைந்து எண்ணும்போது, அது வட்டில் விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் கோப்புப் பதிவேட்டையே நேராகப் படித்துவிடுகிறது. வீட்டு உபயோகத்துக்கு அது இலவசம். நிறுவனங்கள் உரிமம் வாங்க வேண்டும். மேக் கணினியில் 'டிஸ்க் இன்வென்டரி எக்ஸ்', 'கிராண்ட்பெர்ஸ்பெக்டிவ்', 'டெய்சிடிஸ்க்'. லினக்ஸில் 'கியூடர்ஸ்டாட்', 'ஃபைல்லைட்', 'பவபாப்'.

இவற்றில் டெய்சிடிஸ்க், ஃபைல்லைட் போன்றவை கட்டங்களுக்குப் பதிலாக வளையங்களை வரைகின்றன. நடுவில் வன்தட்டு, அதைச் சுற்றி முதல் நிலைக் கோப்புறைகள், அதற்கு வெளியே அடுத்த நிலை. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல் இருக்கும். ஜார்ஜியா டெக் கல்விக்கழகத்தின் ஜான் ஸ்டாஸ்கோவும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் இரண்டு முறைகளையும் பயனர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள். பலரும் வளைய முறையையே விரும்பினார்கள். எந்தக் கோப்புறைக்குள் எது இருக்கிறது என்ற அமைப்பு அதில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் தனித்தனிக் கோப்புகளை ஒரே பார்வையில் காண வேண்டுமானால் கட்டமுறைதான் வசதி. முதன்முறை பார்ப்பவர்கள் வளையத்தில் தொடங்கிப் பிறகு கட்டத்துக்கு வரலாம்.

படத்தை எப்படிப் படிப்பது

வின்டர்ஸ்டாட்டைத் திறந்து 'சி' வட்டைத் தேர்ந்தெடுத்தால், சில நிமிடங்களில் திரையின் கீழ்ப்பாதியில் பல நிறக் கட்டங்கள் நிரம்பிவிடும். முதலில் பார்ப்பவருக்கு அது பல வண்ணத் துணிகளை ஒட்டுப்போட்ட போர்வைபோலத் தோன்றும். நிறம் என்பது கோப்பின் வகையைக் குறிக்கிறது. வீடியோக்கள் ஒரு நிறம், புகைப்படங்கள் ஒரு நிறம், மென்பொருள் கோப்புகள் இன்னொரு நிறம். எந்த நிறம் எந்த வகை என்பதும், அந்த வகை மொத்தமாக எவ்வளவு இடம் எடுத்திருக்கிறது என்பதும் ஓரத்தில் பட்டியலாக இருக்கும்.

இரண்டு விதமான காட்சிகளைத் தேட வேண்டும். ஒன்று, தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும் பெரிய கட்டம். அது ஒரே கோப்பு. அதன்மேல் சுட்டியை வைத்து அழுத்தினால் அதன் பெயரும் இருப்பிடமும் மேலே உள்ள பட்டியலில் தெரியும். பெரும்பாலும் அது வீடியோவாக இருக்கும். ஐஃபோனில் 4கே தரத்தில் எடுக்கப்படும் வீடியோ நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 மெகாபைட் பிடிக்கும். பத்து நிமிடத்துக்கு 1.7 ஜிகாபைட். கோயில் திருவிழாவில் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்து எடுத்த ஒரே காட்சி, நானூறு புகைப்படங்களின் இடத்தை எடுத்துக்கொள்கிறது.

மற்றொன்று, தூள்போலச் சிறு சிறு கட்டங்கள் கூடியிருக்கும் பெரிய பரப்பு. ஒவ்வொன்றும் அற்பம், மொத்தம் பெரிது. உலாவிகளின் தற்காலிகக் கோப்புகள், அரட்டை மென்பொருள்கள் சேர்த்துவைத்த படங்கள் போன்றவை இப்படித் தெரியும். பட்டியலில் இவை ஒருபோதும் மேலே வருவதில்லை. படத்தில்தான் இவற்றைப் பிடிக்க முடியும்.

ஒரு எச்சரிக்கை. மனிதக் கண் நீளத்தை ஒப்பிடுவதில் கெட்டி. பரப்பளவை ஒப்பிடுவதில் சுமார்தான். வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் என்ற இரு அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர்கள் 1984இல் செய்த சோதனைகளில் இது தெளிவானது. ஆகவே எங்கே தேட வேண்டும் என்பதற்குப் படத்தை நம்பலாம். எவ்வளவு என்பதற்கு எண்ணைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு கட்டங்கள் ஒரே அளவாகத் தோன்றினாலும் ஒன்று மற்றதைவிடச் சில ஜிகாபைட் கூடுதலாக இருக்கக் கூடும்.

படம் சொல்லாதவை

அளவைப் பற்றிய குழப்பங்கள் பல. கடையில் வாங்கிய 1 டெராபைட் வட்டு, விண்டோஸில் 931 ஜிகாபைட் என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான். அதேபோல் ஒரு கோப்பின் அளவும், அது வட்டில் பிடிக்கும் இடமும் வேறு வேறு. விண்டோஸ் வட்டுகளில் இடம் பொதுவாக 4,096 பைட் கொண்ட கட்டுகளாகத்தான் வழங்கப்படுகிறது. 5,000 பைட் உள்ள கோப்புக்கு இரண்டு கட்டுகள், அதாவது 8,192 பைட் தேவைப்படும். ஒரு கோப்புக்கு இது பெரிதல்ல. லட்சம் கோப்புகளுக்குக் கணிசம்.

இவை சிறு குழப்பங்கள். அழிக்கும் பொத்தானில் கை வைக்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய பெரிய விஷயங்கள் வேறு சில உள்ளன.

விண்டோஸ் கோப்புறைக்குள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்று ஒன்று இருக்கும். படத்தில் அது பல ஜிகாபைட் பரப்பாகத் தெரியும். இதைப் பார்த்ததும், இவ்வளவு பெரிய குப்பையா என்று அழிக்கத் தோன்றும். அழிக்கவே கூடாது. விண்டோஸின் உறுப்புகள் இருக்கும் கிடங்கு அது. அதில் உள்ள பல கோப்புகள் வேறு இடங்களிலும் இருப்பதாகத் தெரியும். உண்மையில் வட்டில் ஒரே பிரதிதான், பெயர்தான் இரண்டு. சில மென்பொருள்கள் அதை இரண்டு முறை எண்ணிவிடுகின்றன. படத்தில் தெரிவதைவிட உண்மையில் பிடித்திருக்கும் இடம் குறைவு. அதில் கைவைத்தால் கணினி இயங்காமலே போகலாம் என்று மைக்ரோசாப்ட் நிறுவனமே எச்சரித்திருக்கிறது. அங்கே குறைக்க வேண்டியதை விண்டோஸின் 'டிஸ்க் கிளீனப்' வழியாகவே செய்ய வேண்டும்.

'ஹைபர்ஃபில்', 'பேஜ்ஃபைல்' என்ற பெயர்களில் இரண்டு பெரிய கட்டங்கள் தனியாக நிற்கும். முதலாவது, கணினியை ஆழ்ந்த உறக்கத்தில் வைக்கும்போது நினைவகத்தில் உள்ளதை எழுதிவைக்கும் இடம். இரண்டாவது, நினைவகம் போதாதபோது விண்டோஸ் கடனாக எடுத்துக்கொள்ளும் இடம். இவையும் குப்பை அல்ல. 'விண்டோஸ்.ஓல்ட்' என்பது வேறு வகை. இயங்குதளத்தைப் பெரிய அளவில் புதுப்பித்த பிறகு, பழையதற்குத் திரும்ப வேண்டியிருந்தால் என்று வைக்கப்படுவது. பொதுவாகப் பத்து நாள்களுக்குப் பிறகு விண்டோஸே அதை அகற்றிவிடும். அவசரப்பட வேண்டியதில்லை.

மிக ஆபத்தானது வேறொன்று. 'ஒன்டிரைவ்' போன்ற கிளவுட் சேமிப்புகள். 2017ஆம் ஆண்டிலிருந்து ஒன்டிரைவ், கோப்பின் பெயரை மட்டும் கணினியில் காட்டிவிட்டு, கோப்பை இணையத்தில் வைத்திருக்க முடிகிறது. கோப்பு 2 ஜிகாபைட் என்று பெயருக்கு அருகில் எழுதியிருக்கும். கணினியில் அது பிடித்திருக்கும் இடம் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. இந்த வேறுபாட்டைச் சரியாகக் கவனிக்காத மென்பொருளில் அது பெரிய கட்டமாகத் தோன்றிவிடும். இணையத்தில்தான் இன்னொரு பிரதி இருக்கிறதே என்று எண்ணி ஒருவர் அதை அழித்தால், இணையத்திலும் அழிந்துவிடும். மனைவியின் மடிக்கணினியிலும் அழிந்துவிடும். மூன்றும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை. அவை தனித்தனிப் பிரதிகள் அல்ல. தனிநபர் கணக்குகளில் ஒன்டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள்கள் வரை கோப்பை வைத்திருக்கும். அதற்குள் கவனித்தால் மீட்கலாம். கணினியில் மட்டும் இடம் விடுவிக்க வேண்டுமானால், அந்தக் கோப்பின்மேல் வலது பொத்தானை அழுத்தி 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அழிப்பதும் அதுவும் ஒன்றல்ல.

சில கோப்புறைகளைப் பார்க்க விண்டோஸ் அனுமதி தராது. கணினியை முந்தைய நிலைக்கு மீட்க உதவும் பதிவுகள் இருக்கும் இடம் அவற்றில் ஒன்று. சாதாரணமாகத் திறந்தால், படத்தில் உள்ளதைக் கூட்டினாலும் வட்டின் மொத்தத்துக்கு வராது. 'அட்மினிஸ்ட்ரேட்டர்' உரிமையுடன் மென்பொருளைத் திறந்தால் இந்த இடைவெளி பெரும்பாலும் குறைந்துவிடும். மேக் கணினியில் இதுபோல் 'சிஸ்டம் டேட்டா' என்று பெரும்பகுதி காட்டப்படுவதுண்டு. டைம் மெஷின் எடுத்துவைக்கும் தற்காலிகப் பதிவுகளும் அதில் சேரும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைப் படம் சொல்லவே சொல்லாது. எது வேண்டும், எது வேண்டாம் என்பதை. கட்டம் அளவைக் காட்டுகிறது, மதிப்பைக் காட்டுவதில்லை. ஒரு சிறு மளிகைக் கடையின் ஐந்தாண்டுக் கணக்குகள் முழுவதும் சில மெகாபைட்தான் இருக்கும். படத்தில் அது ஒரு புள்ளி. ஆனால் மலேசியாவில் வருமான வரிக்காக வணிகக் கணக்குகளை 7 ஆண்டுகளுக்கும், சிங்கப்பூரில் 5 ஆண்டுகளுக்கும் பாதுகாத்து வைக்க வேண்டும். அந்தப் புள்ளி இருக்கும் கோப்புறை பெரியதாகத் தெரிந்து, மொத்தமாக அழிக்கப்பட்டால் புள்ளியும் போய்விடும். ஆகவே கோப்புறையை முழுதாக அழிப்பதைவிட, உள்ளே சென்று அந்தப் பெரிய கட்டத்தை மட்டும் அகற்றுவதே பாதுகாப்பு.

அழிப்பதில் ஒரு முறை

பார்ப்பதற்கான மென்பொருளும் துப்புரவு செய்யும் மென்பொருளும் வேறு. முதலாவது காட்டிவிட்டு நிற்கும். இரண்டாவது, தானே முடிவு செய்து அழித்துவிடும். 'ஒரே சொடுக்கில் சுத்தம்' என்ற விளம்பரங்களுக்கு மயங்குவோர் அதிகம். மிகப் புகழ்பெற்ற துப்புரவு மென்பொருளான 'சிசிகிளீனர்' 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஊடுருவல்காரர்களிடம் சிக்கியது. தீய நிரல் கலந்த பதிப்பு சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம் பயனர்களின் கணினிகளில் இருந்தது என்று அந்நிறுவனமே பின்னர் அறிவித்தது. எந்த மென்பொருளாக இருந்தாலும் அதைத் தயாரித்தவரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. தயாரித்தவரின் தளத்திலேயே இப்படி நடக்கும்போது, பெயர் தெரியாத தளங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அழிக்கும்போது குப்பைத்தொட்டி வழியாக அழிப்பது நல்லது. 'ஷிஃப்ட்' விசையுடன் சேர்த்து அழித்தால் கோப்பு நேரே போய்விடும். குப்பைத்தொட்டிக்குப் போன கோப்பு இன்னும் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். மறுபடி படத்தை வரைந்து பார்த்தால், அதே கட்டம் இடம் மாறிக் குப்பைத்தொட்டிப் பகுதியில் உட்கார்ந்திருப்பது தெரியும். ஒன்றிரண்டு வாரம் அப்படியே விட்டு, கணினியில் எந்தக் கோளாறும் இல்லை என்று தெரிந்த பிறகு தொட்டியைக் காலி செய்யலாம். பெயர் புரியாத கோப்பை அழிக்கவே வேண்டாம். ஒரு மென்பொருள் பெரிய இடத்தைப் பிடித்திருந்தால், அதன் கோப்புறையை அழிப்பது சரியல்ல. 'செட்டிங்ஸ்' வழியாக முறைப்படி நீக்க வேண்டும்.

கைத்தொலைபேசிக்கும் இதே கதைதான். ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் அமைப்புகளில் சேமிப்பிடம் வண்ணப் பட்டையாகக் காட்டப்படுகிறது. இது வன்தட்டுப் படத்தின் எளிய தம்பி. அங்கே பெரும்பாலும் முதலிடம் வாட்ஸ்அப்புக்குத்தான். பூங்கொத்தும் சூரிய உதயமுமாக விடியற்காலையில் வந்து குவியும் 'காலை வணக்கம்' படங்கள் இந்தியாவில் கைத்தொலைபேசிகளை நிரப்பிவிடுவதை கூகுள் ஆய்வாளர்கள் கண்டறிந்ததாக 2018இல் வால் ஸ்திரீட் ஜர்னல் எழுதியது. இங்குள்ள குடும்பக் குழுக்களுக்கும் அது பொருந்தும். 2020ஆம் ஆண்டின் இறுதியில் வாட்ஸ்அப் தன் சேமிப்புப் பகுதியை மாற்றியமைத்தது. 5 மெகாபைட்டுக்கு மேற்பட்டவை, பலமுறை பகிரப்பட்டவை என்று அது தனியாகப் பிரித்துக் காட்டுகிறது. பலமுறை பகிரப்பட்டது என்றால் அது வீட்டுப் படம் அல்ல; யாரோ எங்கோ செய்த வாழ்த்து அட்டை. பெரும்பாலும் தயங்காமல் அழிக்கலாம். சொந்தக்காரர் ஒருவர் நேரில் எடுத்து அனுப்பிய படம் பொதுவாக அந்தப் பட்டியலில் வராது.

வெளிவட்டுகளையும் ஒருமுறை இப்படிப் படமாக்கிப் பார்ப்பது நல்லது. ஒரே திருமண வீடியோ, 'கல்யாணம்', 'கல்யாணம் புதுசு', 'பேக்கப்' என்று மூன்று கோப்புறைகளில் ஒரே அளவிலான மூன்று கட்டங்களாக நிற்பதை அங்கே காணலாம். பாதுகாப்புக்காகத்தான் மூன்று பிரதிகள் எடுத்திருப்பார்கள். ஆனால் மூன்றும் ஒரே வட்டில் இருந்தால், வட்டு பழுதாகும் நாளில் மூன்றும் சேர்ந்தே போகும். முதலில் ஒரு பிரதியை வேறொரு வட்டுக்கு மாற்றி, அது அங்கே சரியாக ஓடுகிறதா என்று திறந்து பார்க்க வேண்டும். அதன் பிறகு இங்கே ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அழிக்கலாம்.